வாரங்கல் ரோட்டின் வாசனைப் பதிவேடு

மெர்பேங்கில் எங்கள் தெருக்களுக்கு இந்திய ஊர்ப்பெயர்.
வாரங்கல் ரோட்டில் யாரும் வாரங்கலைப் பார்த்ததில்லை.
வடக்கே ஒரு எண்ணெய் ஆலை, தெற்கே ஒன்று,
நடுவில் காகித ஆலை.
காற்று எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும்
யாரோ ஒருவர் மூச்சு எங்கள் மேல்தான் படும்.

டயர் கடையில் கணக்கெழுதுபவன்,
கையெழுத்து நன்றாயிருக்கும் என்று
கூட்டத்தில் பதிவேட்டை என்னிடம் தந்தார்கள்.
தேதி, மணி, காற்றின் திசை, வாசனை: நான்கு கட்டம்.
கடைசிக் கட்டத்துக்கு ஒரு பட்டியல்:
அழுகிய முட்டை. எரிந்த தீக்குச்சி.
வெந்த முட்டைக்கோஸ். பெயின்ட் கடை.
"பூனை மூத்திரத்தை விட்டுட்டீங்களே"
என்றாள் பக்கத்து வீட்டு லோகேஷ்னி.
சேர்த்துக்கொண்டேன்.

நாற்றம் என்றால் பழைய நாளில் நல்ல மணமாம்,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சொன்னார்கள்.
எந்தக் காற்று அந்தச் சொல்லின் மேல் அடித்ததோ.

அதே வகுப்பில் நூறு தடவை எழுதியது:
அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.
ஆலையிலிருந்து வந்தவரும்
சுவரில் படம் காட்டி அதையேதான் சொன்னார்.
அளவு மிஞ்சவில்லையாம்.
"யாருடைய அளவு?" என்றாள் கிளினிக் நர்ஸ் நொக்வாண்டா.
எழுபது கிலோ எடையுள்ள, நோயில்லாத ஓர் ஆண்.
லோகேஷ்னியின் திவேஷன் பதினாலு கிலோ.
நெபுலைசர் மூடியை மாட்டினால்
கண்ணும் நெற்றியும்தான் மிஞ்சும்.

அந்த எண்ணும் ஒரு முழு நாளின் சராசரி.
திவேஷன் சராசரியை மூச்சிழுக்கவில்லை.
ஒரு புதன்கிழமை விடிகாலை
இரண்டு நாற்பதை இழுத்தான்.
ஆம்புலன்ஸ் போன பிறகு பதிவேட்டைப் புரட்டினேன்.
இரண்டு நாற்பது இருந்தது, என் கையெழுத்தில்:
ஒன்றுமில்லை.

விழித்துத்தான் இருந்தேன்.
கேட் வரை போய் மோந்து பார்த்துத்தான் எழுதினேன்.

ஏப்ரலில் லேடிஸ்மித்தில் மைத்துனி மகள் கல்யாணம்.
நாலு நாள்.
அங்கே காற்றில் மாட்டுச் சாணி இருந்தது,
பந்தலுக்குப் பின்னால் கடுகு வெடித்தது, அவ்வளவுதான்.
திரும்பும்போது மோபெனி திருப்பத்தில்
கண்ணாடி ஏற்றியிருந்தும் வந்து அறைந்தது:
முட்டை, தீக்குச்சி, பூனை, பட்டியல் மொத்தமும்,
பட்டியலில் இல்லாத இன்னொன்றும்.
எங்கேயோ குழாய் வெடித்துவிட்டது என்று
வண்டியை விரட்டினேன்.
லோகேஷ்னி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.
"எப்போதிலிருந்து?" என்றேன்.
"எது?" என்றாள். "இன்னிக்கு நல்ல காத்துதானே."

உள்ளே போய், பெட்டியை வைத்து,
பேனாவைத் தேடி எடுத்து வருவதற்குள்
எனக்கும் நல்ல காற்றாகிவிட்டது.

மூக்கு பழகிக்கொள்கிறது.
நுரையீரலுக்கு அந்த வசதி இல்லை.

கணக்கெழுதுபவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்:
பூஜ்யம் வேறு, எழுதாமல் விட்டது வேறு.
பதினோரு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு
ஒன்றுமில்லை.
அவற்றைக் கூட்டி ஆலைக்காரர்
பச்சை நிறத்தில் ஒரு கம்பமாக நிறுத்தியிருந்தார்,
ஓரத்தில் என் கையெழுத்தின் நகலோடு.
கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

எதையும் அழிக்கவில்லை.
கணக்குப் புத்தகத்தில் அழிக்கக் கூடாது.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் எழுதினேன்:
மோந்தவர் உள்ளூர்.
பிறகு ஸ்கேல் வைத்து ஐந்தாவது கட்டம் போட்டேன்.
எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.
பையன் இருமும்போதெல்லாம்
லோகேஷ்னி அந்தப் பக்கம் தட்டுவாள்,
ஓர் இருமலுக்கு ஒரு தட்டு.

நேற்று, மூன்று பத்து.
காற்று: தென்மேற்கு.
தட்டு: பதினேழு.
வாசனை: எனக்குத் தெரியவில்லை.